மடிக்கணனியும் கச்சான் காற்றும்

கிராமத்துப் பாடசாலை ஆசிரியன் ஒருவனிடம் ஊர் எதையெல்லாம் கேட்டு வரும் என்று பட்டியல் போட்டால் அதுவே ஒரு கட்டுரையாகிவிடும். ஆசிரியர் கலாசாலைப் பயிற்சியை முடித்துக்கொண்டு நான் ஊருக்குத் திரும்பிய காலத்தில், வெளிநாட்டுக்குப் போகிற பெண்களின் படிவங்களை நிரப்பிக் கொடுத்தேன். பின்னர் வங்கிக்கு எழுதும் கடிதங்கள், பிறப்புச் சான்றிதழில் பெயர்த் திருத்தம், பசளை மானிய விண்ணப்பம் என்று அது நீண்டது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு அந்தப் பட்டியலில் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது.

"சேர், புள்ளைக்கு ஒரு லெப் எடுக்கணும். எது நல்லம்?"

நான் கணனிப் பாட ஆசிரியனல்லன். விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஆனாலும் ஊருக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டல்ல. கேட்க வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளையே கேட்பார்கள். ஐ3யா ஐ5ஆ? புதிதா பழையதா? எத்தனை வருட உத்தரவாதம்? இளைஞர்களாக இருந்தால் விசைப்பலகையில் வெளிச்சம் எரியுமா என்றும் கேட்பார்கள். இந்த ஆறு வருடங்களில் ஒருவர்கூட, "சேர், இது எவ்வளவு சூடாகும்?" என்று கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டிய முதற் கேள்வி அதுவென்றே நான் நினைக்கிறேன். குறைந்த விலைக்கு மடிக்கணனி வாங்குகிற எங்களைப் போன்றவர்களுக்கு, அதுவும் கிழக்குக் கரையில் தகரத்துக்கும் அஸ்பெஸ்டஸ் சீட்டுக்கும் கீழே குடியிருப்பவர்களுக்கு, அந்தக் கேள்வியின் விடையில்தான் போட்ட காசு நிலைக்குமா கரையுமா என்பது தங்கியிருக்கிறது.

மடிக்கணனிப் பெட்டிக்குள் மிகச் சிறிய எழுத்தில் அச்சடித்த ஒரு தாள் இருக்கும். அதை யாரும் வாசிப்பதில்லை. பல கம்பனிகளின் தாளில் ஒரே இலக்கத்தைக் காணலாம்: இயங்குவதற்கு உகந்த அறை வெப்பநிலையின் மேல் எல்லை 35 பாகை செல்சியஸ். அப்பிளின் மெக்புக்குக்கும் அதுதான், லெனோவோவின் திங்க்பாட்டுக்கும் அதுதான்.

எங்கள் பகுதியில் மே மாதத்திலிருந்து கச்சான் வீசத் தொடங்கும். தென்மேல் பருவக்காற்று தன்னிடமுள்ள மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலே கொட்டிவிட்டு, ஈரமற்று, கீழே இறங்க இறங்கச் சூடேறி எங்களிடம் வந்து சேர்கிறது. அதுதான் கச்சான். நுவரெலியாவில் குடை பிடிக்கிற அதே நாளில் எங்கள் வாய்க்கால் மண் வெடித்துக் கிடக்கும். வெளியே நிழலில் 35ஐத் தொடும் நாட்கள் அக்காலத்தில் வந்துபோகும். சீட் போட்ட வீட்டுக்குள், பகல் இரண்டு மணிக்கு, கணக்கு வேறு. அதாவது, அந்தத் தாள் எல்லை என்று கோடு கீறிய இடத்தில்தான் எங்கள் பிள்ளைகள் கொப்பியை விரிக்கிறார்கள்.

இதன் பொருள் மடிக்கணனி உடனே வெடித்துவிடும் என்பதல்ல. அந்த இயந்திரம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். இன்டெல் புரொசசர்கள் பெரும்பாலும் 100 பாகையை அண்டியதும் தமது வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அதற்கும் அடங்காவிட்டால் இயந்திரம் நின்றுவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கு இது "லெப் ஸ்லோவாப் போச்சு" என்றுதான் தெரியும். வைரஸ் என்பார்கள், கண்ணூறு என்பார்கள், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பார்கள். புதிய மென்பொருள் போடுவதற்காக ஒருவர் காசு வாங்கிக்கொண்டு போவார். பழுது மென்பொருளில் இருந்திருக்காது. அது மூச்சுவிட முடியாமல் கிடந்திருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எனது மடிக்கணனி 2021 ஜூலையில் தவணைப் பரீட்சை வினாத்தாளொன்றைத் தட்டிக்கொண்டிருந்தபோது மூன்றாவது தடவையாக அணைந்துபோயிற்று. சந்தியில் திருத்தக் கடை வைத்திருக்கிற தம்பியிடம் கொண்டுபோனேன். என்னிடம் எட்டாம் ஆண்டில் படித்தவன். வகுப்பில் பின் வாங்கிலில் இருந்தவன். இன்று அவனுடைய மேசையில் பிரித்துப் போடப்பட்டிருக்கும் இயந்திரங்களின் முன்னால் நான்தான் பின் வாங்கில்.

பத்துப் பன்னிரண்டு ஆணிகளைக் கழற்றி அடிப்பலகையைத் தூக்கினான். விசிறிக்கும், அதற்கு முன்னால் சீப்புப் பற்களைப் போல நிற்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையே சாம்பல் நிறத்தில் ஒரு படை. கம்பளித் துணியொன்றைக் கத்தரித்து வைத்ததுபோல் இருந்தது.

"சேர், விசிறி நல்லாச் சுத்துது. ஆனா காத்து போக வழியில்ல" என்றான்.

அது எங்கள் ஊர்த் தூசு. சிறுபோக வெட்டுக்கு மெசின் இறங்கினால் ஊர் முழுக்கப் பறக்கிற பதரும், கடற்பக்கத்து மணலும், பூனை மயிரும், தலையணைப் பஞ்சும் ஒன்றுசேர்ந்து படிந்திருந்தன. விசிறி இலைகளை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு காற்றடித்தான். பிடிக்காமல் அடித்தால் விசிறி தன் அளவுக்கு மீறிச் சுழன்று பழுதாகிவிடும் என்று எனக்குச் சொல்லித் தந்தான். காய்ந்து கட்டியாகிப் போயிருந்த பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புரொசசரின் மேல் புதிய வெப்பப் பசை பூசினான். 1,500 ரூபாய் வாங்கினான். அந்த இயந்திரம் இன்றும் ஓடுகிறது. இந்தக் கட்டுரையும் அதில்தான் எழுதப்பட்டது.

அன்று அவன் காட்டிய இன்னொன்று என் மனதில் தங்கிவிட்டது. புரொசசரிலிருந்து விசிறி வரைக்கும் தட்டையான ஒரு செப்புக் குழாய் போகிறது. அது வெறும் செம்புக் கம்பி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்குள்ளே காற்றை அகற்றிவிட்டு மிகச் சிறிதளவு நீரை அடைத்திருக்கிறார்கள். சூடான முனையில் அந்த நீர் ஆவியாகிறது. ஆவி மறுமுனைக்கு ஓடுகிறது. அங்கே விசிறிக் காற்றுப் பட்டுக் குளிர்ந்து மீண்டும் நீராகிறது. குழாயின் உட்சுவரிலுள்ள நுண்ணிய துளைகள் வழியே ஊர்ந்து சூடான முனைக்கே திரும்புகிறது. ஆவியாதல், ஒடுங்குதல் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் படிப்பிக்கிற பாடம், என் மேசையிலேயே ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

இந்தப் பாடத்தை என்னைவிட விரைவாக விளங்கிக்கொண்ட ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2024 ஜனவரியில் ஒரு ராத்தா என்னைத் தேடி வந்தார். அதிகாலையில் இடியப்பம் அவித்து விற்கிறவர். கணவர் வயலில் கூலிக்குப் போகிறார். மூத்த மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருந்தது, தொழினுட்பப் பிரிவில். எங்கள் பாடசாலையிலிருந்து அந்தப் பிரிவுக்குப் போன பெண்பிள்ளைகளை விரலில் எண்ணிவிடலாம். ராத்தாவின் கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் சீட்டுக் காசு ஒரு இலட்சத்து இருபதாயிரம்.

"சேர், இது ஒரு தரம்தான். பழுதாகினா திருப்பி எடுக்க என்னால ஏலா" என்றார்.

அந்த ஒரு வசனம் என் தலையில் ஒரு மூட்டை அரிசியை ஏற்றி வைத்ததுபோல் இருந்தது. பணமுள்ளவர் வாங்குகிற பொருளுக்கும் இல்லாதவர் வாங்குகிற பொருளுக்கும் உள்ள வேறுபாடு விலையில் இல்லை. முன்னவர் தவறினால் இன்னொன்று வாங்குவார். பின்னவருக்கு இரண்டாவது வாய்ப்பு என்பது கிடையாது.

காலமும் அவ்வளவு நல்லதாக இருக்கவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். மே மாதத்துக்குள் அது 350ஐத் தாண்டியது. இறக்குமதியாகும் பொருட்களில் மடிக்கணனியும் ஒன்றல்லவா? அதற்குப் பிறகு ரூபாய் ஓரளவு நிமிர்ந்தாலும் பழைய விலை திரும்பி வரவேயில்லை. முன்னர் ஒரு நடுத்தர மடிக்கணனிக்குப் போதுமாயிருந்த காசு, இப்போது கடையிலே கடைசி வரிசைக்குத்தான் எங்களைக் கூட்டிப் போனது.

அந்தக் காசுக்கு மூன்று வழிகள் இருந்தன. மூன்றையும் கடைகடையாக ஏறியிறங்கிப் பார்த்தோம். நான், ராத்தா, மகள், மூன்று பேருமாக.

முதலாவது, பெட்டி உடைக்காத புதிய மடிக்கணனிகளில் ஆக மலிந்தவை. உள்ளே செலரோன் வகைப் புரொசசர், 4 ஜீபி ரெம். உதாரணமாக செலரோன் என்4020 என்பது வெறும் 6 வாட் கணக்கில் ஓடுவது. அதனால் பல மாதிரிகளில் விசிறியே கிடையாது. சத்தமில்லை, தூசு உறிஞ்சாது, பெரிதாகச் சூடும் ஏறாது. எங்கள் காலநிலைக்குப் பொருத்தம் என்றே தோன்றும். கடிதம் தட்டவும் பாடம் பார்க்கவும் அது போதும்; ஓர் ஆரம்பப் பிரிவு ஆசிரியைக்கு நான் அதையே சிபாரிசு செய்திருக்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளை வரைபட மென்பொருள்களை ஓட்டவேண்டியவள். அதில் நாலு வருடம் அவளால் தள்ள முடியாது. பலவற்றில் ரெம் பலகையோடு ஒட்டியே வருவதால் பின்னால் கூட்டவும் வழியில்லை.

இரண்டாவது, விளையாட்டுக்கென்று செய்யப்பட்டவை. பழையதாக ஒன்று எங்கள் விலைக்குக் கிட்ட வந்தது. கடைக்காரர் அதைத்தான் முன்னுக்குத் தள்ளினார். "சேர், இது பவர்புல்" என்றார். மெய்தான். ஆனால் அந்தப் புரொசசரின் இலக்கத்துக்குப் பின்னால் 'எச்' என்ற ஆங்கில எழுத்து நின்றது. அவை 45 வாட் கணக்கில் ஓடுகிறவை. கிராபிக்ஸ் அட்டை வேறு தனியே சூடு கக்கும். குளிரூட்டிய அறையில் அது புலி. சீட் போட்ட வீட்டில், நாலைந்து வருடம் உழைத்த விசிறியோடு, பகல் இரண்டு மணிக்கு அது பூனையாகிவிடும்.

மூன்றாவது, வெளிநாட்டுக் கந்தோர்களில் மூன்று நான்கு வருடம் பாவித்துக் கழித்து, இங்கே இறக்குமதியாகி வருகிறவை. டெல்லின் லெட்டிடியூட், எச்.பி.யின் எலைட்புக், லெனோவோவின் திங்க்பாட் என்ற வரிசைகள். பார்க்கக் கறுப்பாக, சாம்பலாக, அழகில்லாமல் இருக்கும். கல்யாணச் சந்தையில் நிறம் குறைந்த பிள்ளையைப் போல முதலில் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் அவை திறந்து திருத்துவதற்கென்றே செய்யப்பட்டவை. ஆணிகளைக் கழற்றினால் அடிப்பலகை வந்துவிடும். விசிறியை எட்டலாம், ரெம்மைக் கூட்டலாம், பெட்டரியை மாற்றலாம். எப்படித் திறப்பது என்று விளக்கும் கைநூல்களைக் கம்பனிகளே வெளியிட்டிருக்கின்றன. சந்தித் தம்பி அவற்றைப் பார்த்துத்தான் தொழிலே பழகினான்.

அதில் ஒன்றை எடுத்தோம். எட்டாம் தலைமுறை ஐ5, இலக்கத்தின் பின்னால் 'யூ' எழுத்து. அதன் கணக்கு 15 வாட். எட்டாம் தலைமுறை என்று நான் பிடிவாதமாக நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 11 இன்டெல் புரொசசர்களில் பொதுவாக அந்தத் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுபோகும் என்று அப்போதே அறிவித்திருந்தார்கள். அப்படியே நின்றும் போயிற்று. ஏழாம் தலைமுறையை இருபதாயிரம் குறைவாகத் தருகிறோம் என்று சொன்னவர்களிடம் நாங்கள் நிற்கவில்லை.

காசைக் கொடுப்பதற்கு முன் ஒரு நிபந்தனை வைத்தேன். ஒரு மணித்தியாலம் அதை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். கடைக்காரருக்கு முகம் கறுத்தது. "சேர், நம்பிக்கை இல்லையா?" என்றார். நம்பிக்கை உங்களில் இருக்கிறது, விசிறியில்தான் இல்லை என்றேன். சிரித்துவிட்டுக் கதிரை போட்டுத் தந்தார். ஒரு காணொளியை ஓடவிட்டு, வேறு நாலு வேலைகளையும் திறந்துவிட்டோம். பழைய மடிக்கணனி வாங்குகிற எவரும் இதைச் செய்யலாம், செலவில்லை. பக்கத்துத் துவாரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடான காற்று விசையோடு வந்தால் நல்லது, சூடு உள்ளேயிருந்து வெளியேறுகிறது. விசிறி இரைகிறது, ஆனால் காற்று மெலிந்து வருகிறது என்றால் உள்ளே தூசு. அடிப்பகுதி கொதிக்கிறது, ஆனால் துவாரத்தில் குளிர்ந்த காற்றுத்தான் வருகிறது என்றால், பசை காய்ந்துவிட்டது அல்லது அந்தச் செப்புக் குழாய் செத்துவிட்டது. விசிறி கரகரத்தால் அதன் அச்சுத் தேய்ந்திருக்கிறது. வைத்தியர் நாடி பார்ப்பதைப் போல அது கைக்குத் தெரிகிற சமாச்சாரம்.

அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் ராத்தாவுக்குச் செப்புக் குழாயின் கதையைச் சொன்னேன். நான் பாதி சொல்லும்போதே அவர் முந்திக்கொண்டார்.

"அப்ப அது இடியப்பச் சட்டி மாதிரித்தானே சேர்? கீழ தண்ணி கொதிக்கிது, ஆவி மேல போய் மூடியில பட்டுத் தண்ணியாகி விழுகுது."

"அதேதான் ராத்தா."

"அப்ப விசிறி அடுப்புக்கு ஊதுற மாதிரி இல்ல. மூடியக் குளுத்தாட்ட ஊதுது."

நான் அசந்துபோனேன். விசிறி நெருப்பை வளர்ப்பதற்கல்ல, சூட்டைக் கொண்டுபோவதற்கு என்ற இந்த வேறுபாட்டைப் பத்தாம் வகுப்பில் விளங்கவைக்க நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். அவர் தொடர்ந்து இன்னொன்றும் சொன்னார்.

"எந்த அடுப்புக்கும் காத்து வாறதுக்கும் வழி வேணும், போறதுக்கும் வழி வேணும். ஒண்ட அடச்சா வீடு பொகதான்."

குளிரூட்டும் சாதனங்கள் பற்றி நான் இதுவரை வாசித்த எல்லாவற்றையும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடக்கிவிடலாம். ஏனென்றால் கடைகளில் தொங்குகிற அத்தனை சாமான்களும் ஒன்றில் காற்று வர வழி செய்கின்றன, அல்லது போக வழி செய்கின்றன. இரண்டையும் செய்யாதது காசுக்குக் கேடு.

கூலிங் பேட் என்று விற்கிற விசிறிப் பலகையை எடுத்துக்கொள்வோம். இரண்டு விசிறி, நாலு விசிறி, ஆறு விசிறி என்று வருகின்றன. நீல வெளிச்சமும் உண்டு. மடிக்கணனியின் அடியில் காற்று வாங்கும் துவாரம் இருந்து, பலகையின் விசிறி அதற்கு நேரே கீழே வந்தால் நாலைந்து பாகை குறையக்கூடும். அடியில் துவாரமே இல்லாத இயந்திரங்களும் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே ஆறு விசிறி சுழன்றாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஆகவே வாங்கப் போகிறவர் முதலில் தன்னுடைய மடிக்கணனியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் கடையில் சொல்வதில்லை. அந்தப் பலகை மின்சாரத்தை யூ.எஸ்.பி. துளை வழியாக மடிக்கணனியிலிருந்தே உறிஞ்சுகிறது. பழைய யூ.எஸ்.பி. துளையொன்று 5 வோல்ட்டில் அரை அம்பியர் தரும், அதாவது இரண்டரை வாட். மின்சாரம் இருக்கும்போது அது பெரிதல்ல. மின்வெட்டில், பெட்டரியில் ஓடுகிறபோது அதுவும் ஒரு பங்கு கேட்கும். 2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணித்தியாலம் மின்சாரம் நிறுத்தப்பட்டதை நாம் இன்னும் மறக்கவில்லைதானே.

பக்கத்துத் துவாரத்தில் கொளுவிச் சூடான காற்றை இழுத்தெடுக்கிற ஒரு சிறு கருவியும் இருக்கிறது. துவாரத்தின் அளவுக்குச் சரியாகப் பொருந்தினால் அது வேலை செய்யும். பொருந்தாவிட்டால் இரைச்சல் மாத்திரமே மிச்சம். அந்த இரைச்சலில் குழந்தை தூங்காது.

பனிக்கட்டிப் பொதியைத் துணியில் சுற்றிக் கீழே வைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யவே கூடாது. கடலோரத்துக் காற்றில் எப்போதும் ஈரமுண்டு; குளிர்ந்த கண்ணாடிக் குவளையில் வியர்ப்பதுபோல் உலோகத்திலும் வியர்க்கும். மின்சுற்றில் ஒரு துளி நீர் போதும், அதன் கதை முடிந்துவிடும். நாலு பாகை குறைப்பதற்காக முழு இயந்திரத்தையும் பணயம் வைப்பதில் கருத்தில்லை.

எனது அனுபவத்தில் செலவுக்கு அதிகம் பயன் தருவது, விசிறியே இல்லாத வெறும் தாங்கிதான். பின்பக்கத்தை மூன்று நான்கு அங்குலம் உயர்த்திவிட்டால் அடியிலே காற்று ஓடும். சூடான காற்று இயல்பாக மேலே எழும்பிப் போகும். மடக்குகிற அலுமினியத் தாங்கிகள் கடைகளில் கிடைக்கின்றன. ராத்தாவிடம் பஸ்ஸுக்கும் பைக்கும் போக மிஞ்சிய காசு அதற்குப் போதவில்லை. நாங்கள் ஊரிலுள்ள தச்சுக் காக்காவிடம் போனோம். அவர் குர்ஆன் வைத்து ஓதுகிற மடிப்புப் பலகைகள் செய்வதில் பேர் போனவர். ஒரே பலகையைக் கிழித்து, கத்தரிக்கோல் போல ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து விரிக்கிற வேலைப்பாடு அது. அடியிலும் இருபக்கத்திலும் காற்றுக்குத் திறந்தே கிடக்கும். எங்களுக்கு வேண்டியதும் அதே அமைப்புத்தான். ஆனால் வாயால் கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது.

அவரே தீர்த்துவைத்தார். "சேர், ஓதுற பலகையில இத வெக்கப்படா. அந்த நோக்கத்துக்குச் செய்தது அதுக்குத்தான். நான் வேற மாதிரி ஒண்டு செஞ்சி தாறன்" என்றார். வேப்பம் பலகையில், நடுவைச் சட்டம் போல வெட்டியெடுத்து, முன்பக்கம் தாழவும் பின்பக்கம் உயரவும் ஒன்றைச் செய்தார். வழுக்காதிருக்கச் சைக்கிள் டியூப் துண்டுகளை நாலு மூலைக்கும் ஒட்டினார். கூலி வாங்க மறுத்துவிட்டார். "கெம்பசுக்குப் போற புள்ளைக்கு நம்மட ஊரால ஒண்டு இரிக்கட்டும்" என்றார்.

மகளுக்கு நான் சொல்லிக் கொடுத்தவை சில மாத்திரம். மடிக்கணனி என்று பெயரிருந்தாலும் மடியில் வைக்காதே. மெத்தையிலும் தலையணையிலும் வைக்கவே வைக்காதே. சூடான மடிக்கணனியைப் பல நாட்கள் தொடையில் வைத்துப் பாவித்ததால் தோல் வலைபோலச் சிவந்து கறுத்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. சூடு உச்சத்தில் இருக்கும்போது பெட்டரியைச் சார்ஜில் போடாதே. லித்தியம் பெட்டரிக்கு 45 பாகைக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது ஆயுளைக் குறைக்கும். விண்டோஸின் மின்சார அமைப்பில் புரொசசரின் உச்ச அளவை 100 வீதத்திலிருந்து 99 ஆக்கிவிட்டால், பெரும்பாலான இயந்திரங்களில் அந்தத் திடீர் வேகம் எடுக்கும் பழக்கம் நின்றுவிடும். வேகம் கொஞ்சம் குறையும், சூடு நிறையக் குறையும். பகலில் 99, இரவில் 100. வருடத்துக்கு ஒரு தடவை, கச்சான் தொடங்குமுன், சந்தித் தம்பியிடம் கொண்டுபோய்த் திறந்து துப்புரவாக்கு. இவை எதற்கும் காசு வேண்டியதில்லை; கடைசியானதுக்கு மாத்திரம் சிறிது வேண்டும்.

இவற்றையெல்லாம் எழுதும்போது ஒரு பழைய சங்கதி நினைவுக்கு வருகிறது. 2005இல் நிக்கலஸ் நெக்ரொபொன்டே என்பவர் ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு நூறு டொலரில் மடிக்கணனி என்ற திட்டத்தை அறிவித்தார். 2007இல் அது உற்பத்திக்கு வந்தபோது நூறு டொலரில் நிற்கவில்லை, 188 டொலரளவில் ஆகியிருந்தது. திட்டமும் எதிர்பார்த்த அளவுக்குப் பரவவில்லை. இலங்கையிலும் சில பாடசாலைகளுக்கு அந்தப் பச்சையும் வெள்ளையுமான பெட்டி வந்துபோனது. அதன் குறைகள் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். ஆனால் ஒரு விடயத்தில் அதைச் செய்தவர்களை நான் மதிக்கிறேன். அதில் விசிறி இல்லை. சூடாகும் பலகையை விசைகளுக்குக் கீழே வைக்காமல் திரைக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். பிள்ளையின் மடியில் சூடு படாது, காற்று பின்னால் தானாக மேலேறிப் போகும். குளிரூட்டாத வகுப்பறையில், புழுதிக்கு நடுவில், ஒரு பிள்ளை இருந்து படிக்கப்போகிறது என்பதை ஆரம்பத்திலேயே மனதில் வைத்துச் செய்த இயந்திரம் அது.

இன்று எங்கள் கைக்கு வருகிறவற்றில் பெரும்பாலானவை எங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவையல்ல. குளிரூட்டிய கந்தோர் மேசைக்குச் செய்யப்பட்டவை, கழித்துவிடப்பட்ட பிறகு கச்சான் வீசுகிற ஊருக்கு வந்து சேர்கின்றன. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வந்த பொருளை எங்கள் வெயிலுக்குப் பழக்கவேண்டிய வேலை எங்களுடையது. அந்த வேலைக்குத் தேவையான அறிவு விளம்பரத் தாளில் இல்லை. அது சந்தித் தம்பியிடமும் தச்சுக் காக்காவிடமும் இடியப்பச் சட்டியடியிலும் இருக்கிறது. வகுப்பறைக்குள் நாங்கள் அதை அழைத்து வருவதில்லை என்பதுதான் ஆசிரியனாக எனக்குள்ள மனக்குறை. கடந்த வருடம் பத்தாம் வகுப்பில் வெப்ப இடமாற்றம் படிப்பித்தபோது ராத்தாவின் இடியப்பச் சட்டியை வாங்கிக்கொண்டு போனேன். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள்.

அந்த மடிக்கணனி இதுவரை இரண்டு கச்சானைத் தாண்டிவிட்டது. பெட்டரி ஒரு தடவை மாற்ற வேண்டி வந்தது. அதற்கு அவள் விடுமுறையில் சிறு பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்துக் காசு சேர்த்தாள். வரைபடம் ஓட்டுகிற நேரத்தில் விசிறி சத்தமாகச் சுழலும், ஆனால் நிற்காது என்கிறாள். விடுதியில் இரண்டு தோழிகள் வேப்பம் பலகையைப் பார்த்துவிட்டுத் தமக்கும் ஒவ்வொன்று கேட்டார்களாம். தச்சுக் காக்கா அவற்றுக்கு மாத்திரம் கூலி வாங்கிக்கொண்டார்.

ராத்தாவின் இளைய மகன் இந்த வருடம் உயர்தரம் எழுதுகிறான். அவர் மீண்டும் சீட்டுப் பிடித்திருக்கிறார். போன கிழமை என்னைக் கடைத்தெருவில் கண்டு, இம்முறை எவ்வளவு தேவைப்படும் என்று கேட்டார். விலையைச் சொல்வதற்கு நான் வாயெடுக்குமுன் அவரே அடுத்ததைக் கேட்டுவிட்டார்.

"எவ்வளவு சேர் சூடாகும்?"